ஏதோ தவறு நடந்துவிட்டதாம்... யார் தவறு?

"ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயற்சிக்கவும்."

இந்த ரெண்டு வாக்கியத்தை எழுதின மகானுபாவர் யாருன்னு தெரியாது. தெரிஞ்சா ஒரே ஒரு கேள்வி கேட்கணும். அண்ணே, "ஏதோ"ன்னா என்னண்ணே? நடந்தது உங்க கம்ப்யூட்டருக்குள்ள. எழுதினது உங்க ஆளு. என்ன நடந்ததுன்னு உங்களுக்கே "ஏதோ"ன்னுதான் தெரியும்னா, காந்தி மார்க்கெட்ல காய்கறிப் பையை ஒரு கையிலயும் போனை இன்னொரு கையிலயும் வச்சுக்கிட்டு நிக்கிற எனக்கு என்ன தெரியும்?

இது ஏதோ பொட்டி தட்டுறவங்க சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு தாண்டிப் போயிடாதீங்க. இது பணத்து விஷயம். அரிசி விஷயம். இன்னிக்கு ரேஷன் கடையில இருந்து ரயில் டிக்கெட் வரைக்கும் எல்லாத்துக்கும் நடுவுல ஒரு மென்பொருள் உக்காந்திருக்கு. அது நல்லா வேலை செய்யற வரைக்கும் யாரும் அதைக் கவனிக்கறதில்ல. அது மக்கர் பண்ற நேரத்துலதான் நம்மகிட்ட வாயைத் திறந்து பேசுது. அந்த ஒரு நேரத்துல என்ன பேசுதுங்கறதுதான் என் பிரச்சினை.

எரர் என்பதற்குத் தமிழ்ல 'பிழை'ன்னு மொழிபெயர்த்து வச்சிருக்கோம். பொருத்தமான வார்த்தைதான். ஆனா நம்ம ஊர்ல பிழைன்னா அது யாரோ ஒருத்தர் செஞ்சது. பிழை பொறுக்கணும்னு சாமிகிட்ட வேண்டுறவன், தான் பிழை செஞ்சவன்னு ஒத்துக்கிட்டுத்தான் வேண்டுறான். அதனால திரையில சிவப்பு எழுத்துல 'பிழை'ன்னு வந்தவுடனே நம்ம ஜனங்க மனசுல முதல்ல ஓடறது என்ன? "ஐயையோ, நான் என்ன தப்பா அமுக்கினேன்?" சர்வர் படுத்ததுக்கு இவங்க பயப்படறாங்க. மென்பொருள்காரன் செஞ்ச தப்பைச் சத்தமில்லாம மக்கள் தலையில இறக்கி வைக்கிற வேலையைத்தான் இந்த எரர் மெசேஜ்கள் செஞ்சுக்கிட்டு இருக்கு. இதுல எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஒரு உதாரணம். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் பக்கம் பூ வாங்கிட்டு ஒரு அம்மா போன்ல பணம் அனுப்பறாங்க. 60 ரூபாய். சக்கரம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் நம்ம மகானுபாவர் வாக்கியம் வருது. 'மீண்டும் முயற்சிக்கவும்'னு சொல்லிட்டானேன்னு அவங்களும் மீண்டும் முயற்சி பண்றாங்க. இந்தத் தடவை பச்சை டிக் வந்துடுச்சு. சந்தோஷமா நடந்து ராஜகோபுரம் வர்றதுக்குள்ள வங்கியில இருந்து ரெண்டு குறுஞ்செய்தி. 60 ரூபாய் எடுக்கப்பட்டது. 60 ரூபாய் எடுக்கப்பட்டது. திரும்பிப் போய்ப் பூக்காரம்மாகிட்ட கேட்டா, "எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு, பாரு கண்ணு, பொட்டி ஒரு வாட்டிதான் கத்துச்சு"ங்கறாங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. ரெண்டு பேருக்கும் நடுவுல மனஸ்தாபம். இதுல பொய் சொன்னது திரை மட்டும்தான். பணம் பாதி வழியில நிக்கும்போது 'மீண்டும் முயற்சிக்கவும்'னு சொல்றது யோசனை இல்ல, வழிப்பறிக்கு ஒத்தாசை.

60 ரூபாய்தானேன்னு கேட்கலாம். வாடகைப் பணத்துக்கும் ஆஸ்பத்திரி பில்லுக்கும் அதே வாக்கியம்தான் வருது.

இதுல கொடுமை என்னன்னா, இந்த மாதிரி நடந்தா என்ன செய்யணும்னு தெளிவா விதி இருக்கு. 2019 செப்டம்பர் 20ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டாங்க. யுபிஐ மூலமா ஒரு ஆளுக்கு அனுப்பின பணம் உங்க கணக்குல கழிஞ்சு அவருக்குப் போய்ச் சேரலன்னா, மறுநாளுக்குள்ள திரும்பி வந்துடணும். கடைக்காரருக்கு அனுப்பினதுன்னா 5 நாள். ஏடிஎம்ல காசு வராம கணக்குல மட்டும் கழிஞ்சா, அதுக்கும் 5 நாள். அதுக்கு மேல தாமதமானா நாள் ஒண்ணுக்கு 100 ரூபாய் வங்கி உங்களுக்கு இழப்பீடு தரணும். முக்கியமான விஷயம், நீங்க புகார் கொடுக்கணும்னு கூட அவசியம் இல்ல, அவங்களாவே தரணும்னு அதுல இருக்கு. 2019 அக்டோபர் 15ல இருந்து நடைமுறை.

இப்பச் சொல்லுங்க, இது உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எங்க தெருவுல நான் கேட்ட வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. தெரியப்படுத்த இதைவிட நல்ல இடம் எது? பணம் நடுவுல மாட்டின அந்த நிமிஷம், அந்தத் திரை. அங்க இவங்க எழுதி வைக்கிறது 'ஏதோ தவறு'. விதியைச் சொன்னா நாளைக்கு 100 ரூபாய் கேட்டு வந்து நிப்பாங்கன்னு பயமோ என்னவோ. நான் அப்படித்தான் நினைக்கிறேன். தப்பா இருந்தா மெசேஜை மாத்திக் காட்டட்டும், என் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கறேன்.

சில செயலிகள் கொஞ்சம் 'விவரமா' சொல்லும். "யு30". அவ்வளவுதான். இதைப் பார்த்தா பஸ் நம்பர் மாதிரி இருக்கு. யுபிஐ நடத்தற தேசிய கொடுப்பனவுக் கழகத்தோட பட்டியல்ல யு30ன்னா கணக்குல இருந்து பணம் எடுக்க முடியலன்னு அர்த்தம். இசட்எம்னா ரகசிய எண் தப்பு. யு16ன்னா ஆபத்து வரம்பைத் தாண்டிட்டீங்க. (என்ன ஆபத்து, யாருக்கு ஆபத்து? கேக்கப்படாது.) கார்டு உலகத்துல இதுக்குத் தாத்தா ஒருத்தர் இருக்கார். ஐஎஸ்ஓ 8583ன்னு 1987ல வந்த தரம். அதுல 51ன்னா கணக்குல போதிய பணம் இல்ல, 91ன்னா வங்கியோட கம்ப்யூட்டர் பதில் சொல்லல, 05ன்னா "டூ நாட் ஹானர்". இந்தக் கடைசி வரியை அப்படியே வாடிக்கையாளருக்குக் காட்டற இணையக் கடைகள் இருக்கு. மரியாதை குடுக்காதேன்னு நம்மைப் பத்தி யாரோ யாருக்கோ சொல்லி அனுப்பின சீட்டு நம்ம கைக்கே வந்த மாதிரி இருக்கும் :-)

இந்த எண்களே வேண்டாம்னு நான் சொல்லல. மிஷினும் மிஷினும் பேசிக்க எண் வேணும். கஸ்டமர் கேர்ல இருக்கிற தம்பிக்கும் வேணும். ஓரமா சின்னதாப் போட்டுக்கோங்க. 51க்கும் 91க்கும் எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்க. ஒண்ணு என்கிட்ட காசு இல்ல. இன்னொண்ணு என்கிட்ட காசு இருக்கு, அவங்க கம்ப்யூட்டர்தான் படுத்திருக்கு. ரெண்டையும் கொண்டுபோய் "தங்கள் பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது"ன்னு ஒரே வாக்கியத்துல அமுக்கிட்டா, துணிக்கடை கல்லாவுல எனக்குப் பின்னாடி நிக்கிற பத்து பேர் என்ன நினைப்பாங்க? "காசில்லாம வந்துட்டான்." மானம் போறது நமக்கு, மிஷினுக்கு இல்ல.

அந்த வாக்கியத்தோட இலக்கணத்தையும் கொஞ்சம் பார்க்கணும். நிராகரிக்கப்பட்டது. துண்டிக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. செயலிழக்கப்பட்டது (இப்படி ஒரு சொல்லே கிடையாது, ஆனா நான் பார்த்திருக்கேன்). எல்லாம் செயப்பாட்டு வினை. வீட்டுல யாராவது "சாம்பார் கொட்டப்பட்டது"ன்னு சொல்வாங்களா? கொட்டினவன்தான் சொல்வான், தான் கொட்டினதை மறைக்க. நம்ம பேச்சுல ஒரு காரியம்னா செஞ்ச ஆள் வாக்கியத்துக்குள்ள இருப்பார். இந்த மெசேஜ்கள்ல ஆள் தப்பிச்சு ஓடிட்டார். யார் நிராகரிச்சது? என் வங்கியா, கடைக்காரர் வங்கியா, நடுவுல இருக்கிற செயலியா? அது தெரிஞ்சாத்தானே நான் யார் கதவைத் தட்டறதுன்னு முடிவு பண்ண முடியும்?

சரி, நல்ல எரர் மெசேஜ் எப்படி இருக்கும்? அமெரிக்காவுக்கெல்லாம் போக வேண்டாம். நம்ம ஊர்லயே தினமும் கேக்கறோம்.

ஒண்ணாம் நம்பர்னு நினைச்சு வேற பஸ்ல ஏறிட்டீங்க. கண்டக்டர் என்ன சொல்றார்? "இது ஸ்ரீரங்கம் போகாதும்மா, சத்திரத்துல இறங்கி ஒண்ணாம் நம்பர்ல ஏறிக்க." திட்டறவரும் உண்டு, ஆனா திட்டறவர் கூட எங்க இறங்கணும்னு சொல்லிட்டுத்தான் திட்டுவார். கோயிலுக்கு மத்தியானம் போறீங்க. "நடை சாத்தியாச்சு, சாயங்காலம் வாங்க." என்ன ஆச்சு, எப்ப வரணும், ரெண்டும் நாலு வார்த்தையில முடிஞ்சுது. உங்க மேல தப்பும் இல்ல. இதையே நம்ம மென்பொருள்காரர் எழுதியிருந்தா, "தரிசனம் மறுக்கப்பட்டது. மீண்டும் முயற்சிக்கவும்"னு எழுதியிருப்பார். பாட்டி ஒவ்வொரு அஞ்சு நிமிஷத்துக்கும் கதவைத் தட்டிக்கிட்டே இருப்பாங்க.

இன்னும் பெரிய உதாரணம் திருச்சி ஜங்ஷன் அறிவிப்பு. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சு, எந்த வண்டி, எங்க இருந்து எங்க போறது, எத்தனை நிமிஷம் தாமதம், எந்த பிளாட்பாரம், கடைசியில ஒரு வருத்தம். மூணு மொழியில. அந்தக் குரல்ல உணர்ச்சியே கிடையாதுதான், வருத்தத்தையும் அதே ராகத்துலதான் சொல்லும். இருந்தாலும் அதைக் கேட்டுட்டு டீ குடிக்கப் போகலாமா, ஓடணுமான்னு முடிவு பண்ண முடியுது. "ஏதோ ஒரு வண்டிக்கு ஏதோ ஆகிவிட்டது"ன்னு அறிவிச்சா ஜங்ஷன் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

பணத்தை விடுங்க, ரேஷன் கடைக்கு வாங்க. அங்க நடக்கறது இதைவிடக் கொஞ்சம் மனசைப் பிசையற விஷயம். தமிழ்நாட்டுல 2017ல ஸ்மார்ட் கார்டு வந்துச்சு. 2020ல 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தோட கைரேகை வைக்கிற மிஷினும் வந்துச்சு. ஒரு வயசான அம்மா விரலை வைக்கிறாங்க. மிஷின் கத்துது. "ரேகை விழல பாட்டி, துடைச்சுட்டு வைங்க." முந்தானையில துடைச்சுட்டு வைக்கிறாங்க. மறுபடி கத்துது. வேற விரல். மறுபடி. பின்னாடி வரிசை முணுமுணுக்குது.

ஆதார் சர்வர்ல இருந்து வர்ற பதில்ல 300ன்னு ஒரு எண் உண்டு. உடல் அடையாளம் பொருந்தலன்னு அர்த்தம். 561ன்னும் ஒண்ணு உண்டு, கேட்ட கேள்வி காலாவதி ஆயிடுச்சுன்னு அர்த்தம். 811ன்னா அந்த ஆளோட ரேகைப் பதிவே மையத்துல இல்லன்னு அர்த்தம். இந்த மூணுக்கும் செய்ய வேண்டியது வேற வேற. முதலாவதுக்கு வேற விரலோ கண்ணோ பார்க்கணும். ரெண்டாவதுல பாட்டிக்கு எந்தச் சம்பந்தமும் இல்ல, மிஷின் பக்கத்துத் தாமதம், புதுசா ஒரு தடவை அனுப்பினா போதும். மூணாவதுக்கு எத்தனை தடவை துடைச்சாலும் பிரயோஜனம் இல்ல, ஆதார் மையத்துக்குப் போய்த்தான் ஆகணும். ஆனா வரிசையில நிக்கிற பாட்டி காதுக்கு மூணும் ஒரே வார்த்தையாத்தான் வந்து சேருது. ரேகை விழல. அதாவது, உன் விரல் சரியில்ல. இன்னும் கொஞ்சம் நேரடியாச் சொன்னா, நீ நீயில்ல.

விரல் ஏன் சரியில்ல? திருச்சி சுத்துவட்டாரத்துல செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டறது வீட்டுக்கு வீடு நடந்த தொழில். கல்லைத் தேய்ச்சே காலத்தை ஓட்டின விரல் அது. நாத்து நட்ட விரல், பாத்திரம் தேய்ச்ச விரல், சித்தாள் வேலைக்குப் போன விரல். வேலை செஞ்சு தேஞ்ச ரேகையைக் காட்டி 'பொருந்தவில்லை'ன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த மிஷின் கொஞ்சம் யோசிச்சிருக்கணும். மிஷின் யோசிக்காது, சரி. அதை எழுதினவங்க யோசிச்சிருக்கணும். "இயந்திரத்தால் உங்கள் ரேகையைப் படிக்க முடியவில்லை. இது உங்கள் குற்றம் அல்ல. கடைக்காரர் வேறு வழியில் சரிபார்ப்பார்." இவ்வளவுதான். அதைத் திரையில மட்டும் காட்டாம சத்தமாத் தமிழ்ல படிச்சுக் காட்டணும். பூக்கடையில இருக்கிற சின்னப் பொட்டி "60 ரூபாய் பெறப்பட்டது"ன்னு தமிழ்ல கத்தும்போது, அரசாங்க மிஷினுக்கு மட்டும் தொண்டை கட்டிக்குமா?

"மெசேஜ்தானே, வார்த்தைதானே, இதுக்குப் போய் இவ்வளவு கூச்சலா"ன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு பழைய கதை.

ஒண்ணு சிரிப்புக் கதை. விண்டோஸ் 95, 98 காலத்துல ஒரு புரோகிராம் விழுந்தா, இந்த நிரல் சட்டவிரோதமான செயலைச் செய்துவிட்டது, மூடப்படும்னு ஒரு பெட்டி வரும். 'இல்லீகல் ஆபரேஷன்'. ப்ரௌசிங் சென்டர்ல மணிக்கு இவ்வளவுன்னு காசு குடுத்துட்டு உக்காந்திருந்த பசங்க போலீஸ் வருமோன்னு எழுந்து ஓடின கதையை எங்க சித்தப்பா இன்னும் சொல்வார். பாதி அளந்து விடறார்னே வச்சுக்குவோம். ஆனா அந்த வார்த்தை நிஜம். நிரல் செஞ்ச காரியத்துக்கு நாற்காலியில உக்காந்திருந்தவனை வேர்க்க வச்ச வார்த்தை.

இன்னொண்ணு சிரிக்க முடியாத கதை. தெராக்-25ன்னு ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை மிஷின், கனடாவுல செஞ்சது. 1985ல இருந்து 1987க்குள்ள ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறின கதிர்வீச்சு பாய்ஞ்சது. 1986 மார்ச்ல அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்து டைலர் ஊர்ல நடந்தப்போ, திரையில வந்த செய்தி "மால்ஃபங்ஷன் 54". அவ்வளவுதான். கையேட்டுல அதுக்கு விளக்கம் இல்ல. அந்த மிஷின் அடிக்கடி இப்படி ஏதாவது எண்ணைக் காட்டிக்கிட்டே இருக்கும். அதனால இயக்கினவர் வழக்கம் போல 'தொடரு'ங்கற பொத்தானை அமுக்கினார். உள்ளே படுத்திருந்தவர் மேல ரெண்டாவது தடவையும் பாய்ஞ்சது. அடுத்த மாசமே அதே ஆஸ்பத்திரியில இன்னொருத்தருக்கும் அதே 54. ரெண்டு பேரும் இறந்து போனாங்க. மூல காரணம் மென்பொருள்ல இருந்த ஓட்டை, அதுல சந்தேகமில்ல. ஆனா "மருந்தளவு சரியில்லை, நோயாளியைப் பார், தொடராதே"ன்னு அந்தத் திரை சொல்லியிருந்தா அந்த ரெண்டாவது அமுக்கு நடந்திருக்குமா? 'மீண்டும் முயற்சிக்கவும்'னு சொல்லிப் பழக்கறவங்க இதைக் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்.

அடுத்து, வழக்கமா வர்ற பதில்: "எப்படி எழுதினாலும் மக்கள் படிக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு டெக்னாலஜியே புரியாது."

இதைக் கேட்டா எனக்கு வர்ற கோபத்துக்கு அளவே இல்ல. இதைச் சொல்றவங்க ஸ்ரீரங்கத்துல இருந்து போன ஒருத்தரை மறந்துட்டுப் பேசறாங்க. எஸ். ரங்கராஜன். நமக்கெல்லாம் சுஜாதா. ஸ்ரீரங்கத்துல வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில படிச்சு, குரோம்பேட்டை எம்ஐடி வழியா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் போனவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் அங்க உருவானப்போ அந்த வேலையில முக்கியப் பொறுப்புல இருந்தவர். (அவர் ஒருத்தரே கண்டுபிடிச்சார்னு சில பேர் எழுதறது கொஞ்சம் ஓவர். அது பெரிய குழுவோட வேலை, ஹைதராபாத் இசிஐஎல்லும் செஞ்சாங்க.)

அந்த மிஷினைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 1982ல கேரளாவுல பரவூர் தொகுதியில 50 வாக்குச்சாவடியில முதல் தடவையா வச்சாங்க. 2004 மக்களவைத் தேர்தல்ல நாடு முழுக்க அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான ஜனங்க உபயோகிச்ச, உபயோகிக்கிற கம்ப்யூட்டர் அது. அதுல பாஸ்வேர்டு இல்ல, பாப்-அப் இல்ல. பச்சை விளக்கு எரிஞ்சா மிஷின் தயார். சின்னத்துக்குப் பக்கத்துல நீலப் பொத்தான். அமுக்கினா அந்தச் சின்னத்துக்கு நேரா சிவப்பு விளக்கு, கூடவே நீளமா ஒரு 'பீப்'. ஊருக்கே கேக்கும். பதட்டத்துல ரெண்டாவது தடவை அமுக்கினா? ஒண்ணும் ஆகாது. அதிகாரி மறுபடி அனுமதிச்சாத்தான் அடுத்த ஓட்டு. அதாவது, மக்கள் தப்பு பண்ணவே முடியாதபடி மிஷினைச் செஞ்சாங்க, தப்பு பண்ணிட்டீங்கன்னு மக்களைச் சொல்றதுக்குப் பதிலா. அந்த மிஷின் மேல அரசியல் சண்டைகள் ஆயிரம் இருக்கு, அது வேற கச்சேரி. ஆனா "எப்படி அமுக்கறதுன்னு புரியல"ங்கற குறை எவ்வளவு கேட்டிருக்கீங்க? 60 ரூபாய்க்குப் பூ வாங்கும்போது இந்த 'பீப்' ஏன் ரெண்டாவது அமுக்குல நம்மைக் காப்பாத்தல? டெக்னாலஜி புரியாதது மக்களுக்கா?

மக்கள் படிக்கறதில்லங்கறது ஒரு வகையில உண்மைதான். பழக்கி வச்சது யாரு? இருபது வருஷமா படிச்சாலும் புரியாத, புரிஞ்சாலும் உதவாத பெட்டிகளைக் காட்டிக்காட்டி, 'ஓகே' எங்க இருக்குன்னு மட்டும் தேடக் கத்துக் குடுத்துட்டாங்க. தினமும் பொய் சொல்ற ஆளோட பேச்சை யார் காது குடுத்துக் கேப்பா?

இன்னொரு விஷயம் சொன்னா உங்களுக்கும் கோபம் வரும். நல்ல எரர் மெசேஜ் எழுத மென்பொருள்காரங்களுக்குத் தெரியாம இல்ல. எல்ம்னு ஒரு நிரல்மொழி. 2015ல அதோட பிழைச் செய்திகளை எல்லாம் திருத்தி எழுதினாங்க, மனுஷங்களுக்குப் புரியற மாதிரி. எந்த வரியில சிக்கல், நீங்க என்ன நினைச்சு எழுதியிருப்பீங்க, இப்படி மாத்திப் பாருங்கன்னு நண்பன் மாதிரி பேசும். ரஸ்ட்டும் அதே வழியில வந்துச்சு. நான் படிச்சுட்டு அசந்து போனேன். அதாவது, புரோகிராமர் திரையில புரோகிராமர் தப்பு பண்ணினா, "இதைச் சொல்ல வந்தீங்களா?"ன்னு கனிவாக் கேக்கும். அதே புரோகிராமர் தப்புக்கு பூ வாங்கற அம்மா மாட்டினா, "ஏதோ தவறு". தன் பந்திக்குத் தலைவாழை இலை, அடுத்த பந்திக்கு வெறும் தரை!

பாதுகாப்புக் காரணம்னு ஒண்ணு சொல்வாங்க. அதுல நியாயம் இருக்கு. பேர் சரி, கடவுச்சொல்தான் தப்புன்னு திரை சொல்லிட்டா, அந்தப் பேர்ல கணக்கு இருக்குன்னு திருடனுக்குத் தெரிஞ்சுடும். அதனால லாகின் பக்கத்துல மழுப்பலாச் சொல்றது சரிதான். உள் சமாச்சாரத்தை எல்லாம் திரையில கொட்டறதும் ஆபத்து. ஆனா "உங்க பணம் பத்திரமா இருக்கு, ரெண்டாவது தடவை அனுப்பாதீங்க"ன்னு சொன்னா எந்தத் திருடனுக்கு என்ன லாபம்?

தமிழ்ல போட்டுட்டோமேன்னு பெருமைப்படற செயலிகளைப் பத்தியும் ஒரு வார்த்தை. தமிழ் எழுத்துல இருந்தா அது தமிழ் ஆயிடாது. 'பரிவர்த்தனை', 'அங்கீகாரம்', 'அமர்வு காலாவதியானது'... காந்தி மார்க்கெட்ல யாராவது 'பரிவர்த்தனை'ன்னு பேசிக் கேட்டிருக்கீங்களா? "பணம் போகல"ங்கறது எவ்வளவு அழகான தமிழ். 'அமர்வு காலாவதி'ன்னா எங்க பாட்டி மருந்து பாட்டிலைத் தேடுவாங்க. "ரொம்ப நேரம் ஆயிடுச்சு, பாதுகாப்புக்காக மூடிட்டோம், மறுபடி உள்ள வாங்க"ன்னு எழுதினா குறைஞ்சா போயிடும்? அப்புறம், தமிழ் வாத்தியார்கள் மன்னிக்கணும், 'முயற்சிக்கவும்'ங்கறதே தகராறு. முயல் என்பதுதான் வினை. முயலவும், இல்ல முயற்சி செய்யவும்னு இருக்கணும். முதல் வாக்கியத்துலயே பிழை வச்சுக்கிட்டுப் பிழைச் செய்தி!

இதெல்லாம் எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா நான் உக்காந்திருக்கிற வகுப்புலதான் ஆரம்பிக்குது. கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு மார்க் எதுக்கு? எல்லாம் சரியா ஓடறதைக் காட்டறதுக்கு. தேர்வாளர் முன்னாடி சரியான பேரைப் போட்டு, சரியான எண்ணைப் போட்டு, பச்சை டிக் வந்தா கைதட்டல். நெட்டைப் பிடுங்கிட்டு "இப்ப என்ன சொல்லும், காட்டு"ன்னு எந்த வைவாவுலயும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல. அதனால பசங்க 'கேட்ச்'சுக்குள்ள ஒரே வரி எழுதிட்டுப் போயிடறாங்க. அது 'எரர் அக்கர்டு'. அவன் நாளைக்கு வேலைக்குப் போறான், அந்த வரியும் கூடவே போகுது. சுத்துவட்டாரத்துல இத்தனை பொறியியல் கல்லூரி வச்சிருக்கோம், வருஷா வருஷம் இத்தனை புராஜெக்ட். பத்து மார்க், வெறும் பத்து மார்க், பிழைச் செய்திக்குன்னு ஒதுக்குங்க. அந்தச் செய்தியை வாட்ச்மேன் அண்ணன்கிட்டயோ கேன்டீன் அக்காகிட்டயோ படிக்கக் குடுத்து, "இப்ப என்ன செய்வீங்க?"ன்னு கேட்டு, அவங்க சரியாச் சொன்னாத்தான் மார்க். ஒரே செமஸ்டர்ல பசங்க திருந்திடுவாங்க. மார்க்குன்னா நாங்க எதுக்கும் திருந்துவோம் :-)

நான் கேக்கறது பெரிய இலக்கியம் இல்ல. அந்த 60 ரூபாய் திரை இப்படி இருந்தா போதும்:

"உங்கள் கணக்கிலிருந்து 60 ரூபாய் எடுத்துவிட்டோம். கடைக்காரருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தடங்கல் எங்கள் பக்கம்தான். இப்போது மறுபடி அனுப்ப வேண்டாம். 5 நாளுக்குள் கடைக்குப் போகாவிட்டால் பணம் உங்களுக்கே திரும்பிவிடும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தருவோம்."

நீளமா இருக்குன்னு சொல்வாங்க. அதே செயலியில லோன் வேணுமா, தங்கம் வேணுமா, காப்பீடு வேணுமான்னு காட்டற படத்தைவிடச் சின்னதுதான்.

அதுவரைக்கும் நம்ம பக்கம் செய்ய வேண்டியது. சக்கரம் சுத்தி நின்னுட்டா உடனே ரெண்டாவது தடவை அனுப்பாதீங்க. முதல்ல செயலியில பழைய கணக்கைத் திறந்து பாருங்க, இல்ல வங்கிக் குறுஞ்செய்திக்குக் காத்திருங்க. திரையைப் படம் பிடிச்சு வச்சுக்கோங்க. 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும், அதைத் தனியா எழுதி வைங்க. நாள் தாண்டினா வங்கிக்கு எழுத்துல புகார் குடுங்க, குடுக்கும்போது 2019 செப்டம்பர் சுற்றறிக்கையோட பேரைச் சொல்லுங்க. 30 நாள் ஆகியும் தீரலன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், காசு செலவில்ல. 14448க்குக் கூப்பிட்டா எப்படிப் புகார் குடுக்கறதுன்னு சொல்வாங்க. வங்கி கவுண்டர்ல "சிஸ்டத்துல அப்படித்தாங்க காட்டுது"ன்னு சொன்னா, சிஸ்டம் யாருதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.